அடிவயிற்றில் அழிந்த கோடு

வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் பையை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கர்ப்பப்பையா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். இல்லை, சிறுநீர்ப்பை என்றால், "அங்ககூடவா வரும்?" என்கிறார்கள். வரும். எனக்கு வந்தது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. உடம்பு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிற இந்த நேரத்திலேயே எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சிறுநீரகம் இரண்டு, அதிலிருந்து இரண்டு குழாய், கீழே ஒரு பை என்று கரும்பலகையில் எத்தனையோ வருடம் படம் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு காலையில் ஒண்ணுக்குப் போன இடத்தில் சிவப்பாகத் தெரிந்தபோது என்ன தோன்றியது தெரியுமா? சூடு. உடம்புச் சூடு. வலி இல்லை, எரிச்சல் இல்லை, வெறும் ரத்தம். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன், நின்றுவிட்டது. பார்த்தாயா, சூடுதான் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். மறுபடி வந்தது. இளநீர் குடித்தேன். மறுபடி நின்றது. இப்படியே மழைக்காலம் முழுக்க ஓடியது. இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வலியில்லாமல் ரத்தம் போனால் வெந்தயத்தைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள். அது தானாக நின்றாலும் போய்க் காட்டுங்கள்.

ஒருநாள் ரத்தம் கட்டியாக வந்து வழியை அடைத்துக்கொண்டது. அன்றைக்குப் பட்ட அவஸ்தையில் என் வீட்டுக்காரர் கலியபெருமாள் என்னை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார். விருத்தாசலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "புதுச்சேரிக்குப் போயிடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார்கள். அந்த "தள்ளிப் போடாதீங்க" என்ற சொல்லிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு, சிறுநீர் வரும் வழியாகவே கேமரா வைத்த குழாயை விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். வெளியே ஒரு தையல்கூடக் கிடையாது. எடுத்ததைப் புற்றா என்று பார்க்க டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டார். பைக்கு உள்பக்கம் மெல்லிய தோல், அதற்குக் கீழே தசை. கட்டி தோலோடு நின்றிருந்தால் சுரண்டிவிட்டு மருந்து விட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். எனக்குத் தசைக்குள் இறங்கியிருந்தது. ஆனால் வேறு எங்கும் பரவவில்லை.

"ரெண்டு வழி இருக்குதும்மா" என்றார். "ஒண்ணு, பையை முழுசா எடுத்துடறது. சிறுநீர் வயித்துல ஒரு ஓட்டை வழியா வெளியில ஒட்டின பையில வந்து விழும். இன்னொண்ணு, கதிர்வீச்சு. கூடவே வாரா வாரம் ட்ரிப்ஸ்ல கொஞ்சம் மருந்து. அது கதிருக்குக் கட்டியை இளக்கிக் கொடுக்கும். உங்களுக்கு ஒரே கட்டி, முழுசா சுரண்டியாச்சு, கிட்னில அடைப்பு இல்ல. அதனால இந்த வழியை யோசிக்கலாம். எல்லாருக்கும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன்."

"சரியாப் போயிடுமா?"

"பலருக்குப் போயிருக்குது. சிலருக்குத் திரும்பி வரும். வந்தா அப்ப பையை எடுத்தே ஆகணும். கேரண்டி கேட்டீங்கன்னா என்கிட்ட இல்ல."

எனக்கு என் சிறுநீர்ப்பையை விடக்கூடாது, அவ்வளவுதான். வயிற்றில் வெளிப்பையை ஒட்டிக்கொண்டு, நாலு பேர் நடுவில் அது கசிந்து வாடை வந்துவிட்டால் என்ற பயம் சாவு பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. வெட்கம்கெட்ட பயம்தான், ஆனால் இருந்தது. "கதிரே வைங்க" என்றேன்.

காரணம் என்ன என்று இவர்தான் கேட்டார். புகை பிடிக்கிறவர்களுக்கு அதிகம், சில சாயத் தொழில் செய்கிறவர்களுக்கும் வரும், பலபேருக்குக் காரணமே தெரியாது என்று டாக்டர் சொன்னார். இவர் முகம் செத்துவிட்டது. இவர் செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு முகம் எழுதுகிறவர். கண், புருவம், உதடு எல்லாம் இவர் கைவேலை. பண்டிகை சீசனில் வீட்டு ஹாலிலேயே பொம்மைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவேன்.

"அந்தக் கலருங்களாலயா மேடம்?" என்று கேட்டார்.

"அப்படிச் சொல்லவே முடியாது சார். மனசுல போட்டுக்காதீங்க."

போட்டுக்கொண்டார். ஊருக்கு வந்ததும் ஹாலில் இருந்த தூரிகை, கலர் டப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். "பைத்தியமாங்க உங்களுக்கு?" என்று திட்டினேன். நான் பத்து வார்த்தை பேசினால் அரை வார்த்தை பேசுகிற மனுஷன். அந்த அரையும் நின்றுபோயிற்று.

கதிர் வைப்பதற்கு முன்னால் ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்து, என் அடிவயிற்றில் நடுவே ஒன்று, இரண்டு இடுப்பிலும் ஒவ்வொன்று என்று மார்க்கரால் கூட்டல் குறி போட்டார்கள். மேலே கண்ணாடி மாதிரி டேப் ஒட்டினார்கள். தினமும் சுவரிலிருந்து வரும் சிவப்பு வெளிச்சக் கோடு அந்தக் குறிகளோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் கதிர் சரியான இடத்தில் விழும். வாரத்துக்கு ஒருமுறை படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்தக் கோட்டை நம்பித்தான் வேலை.

"அம்மா, இதுல சோப்பு படக்கூடாது, தேய்க்கக்கூடாது, எண்ணெய் கிட்டவே வரக்கூடாது" என்று மெஷின் ரூமில் வேலை செய்கிற ஜெனிஃபர் என்ற பெண் சொன்னாள். "அழிஞ்சா முதல்லேர்ந்து ஸ்கேன் எடுத்து, கணக்குப் போடணும். ட்ரீட்மென்ட் நடுவுல நின்னுடும்." நடுவில் நின்றால் நோய் மறுபடி தலைதூக்க இடம் கொடுத்த மாதிரி என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. "கரண்டு வெக்கிறாங்க" என்றுதான் சொல்வார்கள். காத்திருக்கும் ஹாலில் எல்லாரும் கரண்டுக்காரர்கள்தான். தொண்டைக்குக் கரண்டு, மார்புக்குக் கரண்டு, வாய்க்குக் கரண்டு. மெஷினுக்குள் படுத்தால் ஒன்றும் தெரியாது. சூடும் இல்லை, வலியும் இல்லை, ஒரு ரீங்காரம் மட்டும். எழுந்து வந்து புடவையைக் கட்டிக்கொள்ளலாம். ஒண்ணுக்குப் போய்ப் பையைக் காலி பண்ணிவிட்டுத்தான் படுக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். திட்டக்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தர் என் பக்கத்தில் உட்காருவார். அவருக்கு வேறு இடத்தில் வந்து வயிற்றில் பை வைத்தே பல வருடம் ஆகியிருந்தது. இப்போது மார்புக்காக வந்திருந்தார். நான் என் பயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பையி மேல என்னாம்மா கோவம் ஒனக்கு? நான் இத்தோட களையெடுக்கிறேன், கல்யாணத்துக்குப் போறேன், பஸ்ஸுல தொங்கறேன்." ஆனாலும் பயம் போகவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு ரூம், சனி ஞாயிறு ஊர் என்று போய்வந்துகொண்டிருந்தோம். மெஷினுக்கு அரசாங்கக் காப்பீடு கை கொடுத்தது. ரூமும் சாப்பாடும் எங்களுடையது. மகள் மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பினாள், வீடியோவில் வந்து அழுதாள். நான் அவளை அதட்டினேன்.

பாதி முடிந்த சமயம். அந்த வாரம் மெஷின் சர்வீஸ் என்று வெள்ளிக்கிழமை மட்டும் லீவு விட்டார்கள். வியாழன் இரவே ஊருக்கு வந்துவிட்டோம். காலையில் கம்மாபுரத்திலிருந்து என் நாத்தனார் தனம் வந்தாள், இவருடைய தங்கை. கையில் நல்லெண்ணெய், சீயக்காய், ஒரு தூக்கு நிறைய மோர். என்னைத் தொட்டுப் பார்த்தாள்.

"அய்யோ அண்ணி, ஒடம்பு அனலாக் கொதிக்குது! கரண்டு வெச்சு வெச்சு உள்ளாற எல்லாம் வெந்து போயிருக்கும். இன்னிக்கு வெள்ளிக்கெழம, ஒரு எண்ண முழுக்குப் போட்டாதான் ஆறும்."

"எண்ணெய் வேணாம்னு சொல்லியிருக்காங்க தனம்."

"வயித்துல வேணாம். தலைக்கு மட்டும். நான் பாத்துக்கிறேன் வாங்க."

தலைக்கு மட்டும்தான் வைத்தாள். அவள் சூடு பறக்கத் தேய்த்த தேய்ப்பில் எனக்குக் கண் சொருகியது. அத்தனை வாரம் கழித்து ஒருத்தர் கை என்மேல் சிகிச்சைக்காக இல்லாமல் பிரியத்துக்காகப் பட்டது. எனக்கு அழுகை வந்தது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் தலையில் ஊற்றிய வெந்நீரும் எண்ணெயும் சீயக்காயும் முதுகு வழியாகவும் மார்பு வழியாகவும் இறங்கி எங்கே போகும்? துவட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். டேப் சுருண்டு தொங்குகிறது. நடுக்குறி இல்லை. இடது இடுப்பில் இல்லை. வலது இடுப்பில் மட்டும் புகை மாதிரி ஏதோ தெரிந்தது.

நான் போட்ட கூச்சலில் இவர் ஓடிவந்தார். தனம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நானே கொன்னுட்டனே எங்க அண்ணிய!" என்று அவள் அழ, அவளைத் தேற்றுவதா, என்னைத் தேற்றிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெனிஃபர் சொன்னது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. நின்றுவிடும். நடுவில் நின்றுவிடும்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற மாதிரியே ஒரு மார்க்கரும் ஸ்கேலும் இருந்தன.

"நில்லு" என்றார். "நான் எழுதிடறேன்."

"என்னாங்க வெளையாடறீங்க?"

"தெனம் பாக்கறேன் விஜயா. தொப்புளுக்குக் கீழ எவ்ளோ, இடுப்பெலும்புக்கு மேல எவ்ளோ, எல்லாம் கண்ணுலயே நிக்குது. ஒரு கண்ணை எழுதிட்டு இன்னொரு கண்ணை அதே எடத்துல எழுதறவன் நான். எனக்குத் தப்பாது."

அத்தனை நாளுக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. தன் கலரால்தான் எனக்கு வந்தது என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷன், தன் கையாலேயே அதைச் சரிக்கட்டப்போகிறார். நான் புடவையைத் தளர்த்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றேன். அவர் மண்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று குறியும் போட்டார். அசல் எது நகல் எது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. டேப்பும் ஒட்டினார். தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடியே இருக்குது அண்ணே" என்றாள். மூன்று பேரும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம்.

சனியும் ஞாயிறும் நான் படுத்த இடத்திலேயே கிடந்தேன். சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு மனம், இல்லாவிட்டால் என்று ஒரு மனம்.

திங்கட்கிழமை மெஷின் மேஜையில் படுத்தேன். விளக்கை அணைத்தார்கள். சிவப்புக் கோடுகள் என்மேல் விழுந்தன. ஜெனிஃபர் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் எடது பக்கம் நகருங்க. இன்னும் கொஞ்சம். என்ன இன்னிக்கு இவ்ளோ தள்ளிப் படுத்துட்டீங்க?" என்று சிரித்தாள். என் இடுப்புக்குக் கீழே விரித்திருந்த துணியைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தாள். "மேலயும் கொஞ்சம். ஆங், இப்ப சரி. அசையாதீங்க."

நான் தள்ளிப் படுக்கவில்லை. தினமும் படுக்கிற இடத்தில்தான் படுத்தேன். அந்த மேஜையில் என் உடம்புக்கு இடம் பழகிவிட்டது. குறி தப்பாக இருந்தது, குறிக்குத் தக்கபடி என்னை நகர்த்திவிட்டார்கள். படம் எடுக்கிற நாள் அன்று இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜெனிஃபர் வெளியே போனாள். கனமான கதவு மெல்ல மூடியது. மெஷினின் தலை என்னைச் சுற்றித் திரும்ப ஆரம்பித்தது. வெளியே பெஞ்சில் இவர் உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் அவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள், ட்ரீட்மென்ட் நிற்கும். சொல்லாவிட்டால் இந்தக் கதிர் குடலில் விழுமோ, கட்டி இருந்த இடத்தை ஓரத்தில் விட்டுவிடுமோ. நல்ல இடம் வெந்து, கெட்ட இடம் தப்பித்து, கடைசியில் பையும் போய், உயிரும் போய்விட்டால்?

"ஜெனிஃபர்! நிறுத்து! நிறுத்தும்மா!" என்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

மெஷின் அப்படியே நின்றது. கதிர் இன்னும் வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். அவள் ஓடிவந்தாள். நான் படுத்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகம் சிவந்ததைப் பார்க்க வேண்டுமே. வாசலுக்குப் போய், "சார், உள்ள வாங்க" என்று இவரைக் கூப்பிட்டாள். "நீங்களா வரைஞ்சீங்க? இவங்க என்ன சார், பொம்மையா?"

டாக்டரம்மா வந்தார். அப்படியே படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். திரையில் என் இடுப்பெலும்பு ஒரு பக்கம், இருக்க வேண்டிய இடம் ஒரு பக்கம். கட்டைவிரல் அகலத்துக்கு விலகியிருந்தது. இவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நிக்க வெச்சு வரைஞ்சீங்களா சார்?" என்று டாக்டர் கேட்டார். கோபம் இருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. "நின்னா தோல் ஒரு எடத்துல நிக்கும். படுத்தா சரிஞ்சு வேற எடத்துக்குப் போயிடும். கோடு அழிஞ்சதுன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நாங்க திட்டியிருப்போம், அவ்ளோதான். ரெண்டு நாள் விட்டுப்போனா சனிக்கிழமை வெச்சு ஈடு கட்டலாம். தப்பான எடத்துல விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது."

இவர் தலையை ஆட்டினார். கும்பிட்டார். வராந்தாவுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கல்யாணத்திலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. "விடுங்க, நானும்தானே நின்னேன்" என்றேன். புது ஸ்கேன் எடுத்து, புதுக் கணக்குப் போட இரண்டு நாள் விட்டுப்போயிற்று. இந்தத் தடவை ஊசியால் பச்சை குத்திய மாதிரி மூன்று புள்ளி வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கரண்டின் குணம் தெரிந்தது. கடைசி வாரங்களில் ஒண்ணுக்குப் போனால் மிளகாய் அரைத்துத் தடவிய எரிச்சல். போய் வந்து உட்காருவதற்குள் மறுபடி வரும். பேதியும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை பஸ்ஸில் ஊருக்கு வரும்போது வடலூர் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. இவர் எழுந்து டிரைவரிடம் போய், "அண்ணே, வூட்டுக்காரம்மாவுக்குக் கரண்டு வெச்சிருக்குது, கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்றார். டிரைவர் உடனே நிறுத்தினார். முந்திரித் தோப்பு ஓரத்தில் இவர் தன் வேட்டியை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த அரை டவுசரோடு நின்றுகொண்டு, எனக்குத் திரை பிடித்தார். பஸ்ஸில் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. தனம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்லிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து, என்னைத் தொடாமல் எட்ட உட்கார்ந்திருப்பாள். "கிட்ட வா தனம், கடிக்க மாட்டேன்" என்றால் அழுவாள்.

முடிந்த அன்றே பலன் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளே புண் ஆறி, கதிர் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்க இரண்டு மூன்று மாதம் விட்டுத்தான் கேமரா போட்டுப் பார்ப்பார்களாம். சிகிச்சை நாட்களைவிட அந்த மாதங்கள்தான் என்னைத் தின்றன. எரிச்சல் வந்தால் திரும்பிவிட்டது என்று பயம், எரிச்சல் இல்லாவிட்டால் அதுவும் ஏதோ பயம். நடுவில் விட்ட அந்த இரண்டு நாள் என்ன செய்திருக்கும் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. இவர் கேட்கவே மாட்டார். நான் பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பார். அது அதைவிடக் கொடுமை.

கேமரா போட்ட அன்று மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போகிற ஜெல் மட்டும் விட்டார்கள். பக்கத்தில் டிவி. என் பையின் உள்பக்கத்தை நானே பார்த்தேன். வெளிறிய சிவப்பில், நரம்பு ஓடிக்கொண்டு இருந்தது. டாக்டரம்மா கேமராவைத் திருப்பிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார். அங்கேயே நின்றார்.

"என்னா மேடம்?"

"இதுதான் அந்த எடம். வெள்ளையாத் தெரியுதில்ல? தழும்பு."

"கட்டி?"

"இல்ல." கேமராவை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இல்லம்மா" என்றார். "மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். அப்புறமும் பாப்போம். பாத்துக்கிட்டே இருப்போம்."

இன்றைக்கு இல்லை. எனக்கு அது போதும். அதற்குமேல் கேட்கிற தைரியமும் இல்லை.

நர்ஸ் ஒரு விதி சொன்னார்: ஒண்ணுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், அடைப்பு இருந்தால் அனுப்ப மாட்டார்கள். இவரிடம் தழும்பு விஷயத்தைச் சொன்னேன். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. என்னோடு லேடீஸ் பாத்ரூம் வாசல் வரை வந்து நின்றார். உள்ளே உட்கார்ந்தேன். வரவில்லை. குழாய் போன இடம் காந்தியது. பயத்தில் இறுகிக்கொண்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஆட்கள் வரிசையாக நிற்கிற சத்தம் கேட்டது.

"விஜயா!"

பொது இடத்தில் என் பெயரைச் சத்தமாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை அந்த மனுஷன். வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

"விஜயா! வருதா?"

அந்த நேரம் பார்த்து வந்தது. எரிந்துகொண்டு, விட்டு விட்டு, பிறகு தாரையாக, என் பையிலிருந்து, என் வழியாக. எனக்குக் கண்ணீரும் சேர்ந்து கொட்டியது. யார் நின்றால் என்ன, யார் கேட்டால் என்ன.

"வருதுங்க!" என்று உள்ளே இருந்தே கத்தினேன். "நல்லா வருதுங்க!"